எர்வின் மரேக் தேடிய குவார்ட்டர்பேக்

வெஸெலி என்றால் செக் மொழியில் மகிழ்ச்சி. டெக்ஸஸ் மாநிலத்தின் இந்தக் கறுப்புக் களிமண்ணில் எங்கள் பாட்டன்மார் இறங்கி, வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைந்ததைப் பார்த்து, ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டு ஊருக்கு வைத்த பெயர் அது. வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஃபுட்பால். ஃபுட்பால் என்றால் தோல்வி.

எங்கள் பள்ளி அணி மூன்று பருவமாக ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. மைதானத்துப் புள்ளிப் பலகையில் எதிரணிப் பக்கத்து பல்புகள் எரிந்து எரிந்து கருகிப்போகும். எங்கள் பக்கத்து பல்புகள் கடையிலிருந்து வந்த பளபளப்பு குறையாமல் இருந்தன. பாண்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு வெற்றிப் பாட்டே மறந்துபோய், ஒருமுறை கல்யாணத்தில் ஆடும் போல்காவை வாசித்துத் தொலைத்தார்கள். எதிரணி ஒரு சுற்று ஆடிவிட்டே பஸ் ஏறியது. பிணந்தின்னிக் கழுகுகள் வெள்ளி மாலைகளில் எங்கள் மைதானத்துக்கு மேல்தான் வட்டமிட்டன. இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், அதிகம் இல்லை.

இந்த அணிக்குப் பயிற்சியாளர் எர்வின் மரேக். காலையில் பள்ளி பஸ் ஓட்டுவார், பகலில் வரலாறு நடத்துவார், சாயங்காலம் விசில் ஊதுவார். நெடுநெடுவென்ற ஆள். பல்குச்சி வாயின் இடது ஓரத்தில் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம், வலது ஓரத்துக்குப் போனால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வருஷக் கோடையில் குச்சி இடதுபக்கமே கிடந்தது. குவார்ட்டர்பேக் பள்ளி முடித்துப் போய்விட்டான். அடுத்தவன் யார் என்று தெரியவில்லை. இந்தப் பருவமும் இப்படியே போனால் அணியைக் கலைத்துப் பையன்களைப் பக்கத்து ஊர் அணிக்கு அனுப்பிவிடலாம் என்று பள்ளி வாரியத்தில் பேச்சு வேறு.

எங்கள் ஆட்டத்தில் காலுக்கு வேலை ஓடுவது மட்டும்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது எறிய வேண்டும், நடுவில் ஆளோடு ஆள் மோத வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்று அவன்தான் தீர்மானிப்பான். அவன் சரியில்லையென்றால் மற்ற பத்துப் பேரும் மாட்டுச் சந்தையில் கயிறு அறுந்த கன்றுகள்.

பெட்ரோல் பங்க்கில் காலை காப்பிக்குக் கூடும் ஆண்கள் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். கைநீளம் பார்க்கணும் என்றார் ஒருவர். கணக்கில் நல்ல மார்க் வாங்கினவனைப் போடு என்றார் இன்னொருவர். பருத்தி ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற மில்டன் யானாக், எல்லாவற்றையும்விட அந்தப் பையனின் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார்.

"அம்மாவ எதுக்குடா பாக்கணும்?" என்றார் எர்வின்.

"அவன் அடிபட்டு விழுந்தா அவ மைதானத்துக்குள்ள ஓடி வருவாளா, உக்காந்தே இருப்பாளான்னு பாக்கணும். ஓடி வர்றவளோட புள்ள ஆகாது."

"அப்படிப் பாத்தா உன் அம்மா உன்னை டிராக்டர் மிதிச்சப்பவே எந்திரிக்கலையேடா. நீதான் சரியான குவார்ட்டர்பேக்கு."

மேசை முழுக்கச் சிரித்தது. எர்வினிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது, அதை யாரிடமும் விளக்கமாட்டார். எறிகிற கையைப் பழக்கிவிடலாம், ஓடுகிற காலைப் பழக்கிவிடலாம். ஒருவன் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களா என்பதை மட்டும் பழக்க முடியாது என்பது அவர் கணக்கு. அதனால் ஜூன் மாதத்தில் அணி முழுவதையும் மைத்துனரின் வயலுக்குக் கூட்டிப்போய்ப் புல்கட்டு ஏற்ற விடுவார். காய்ந்த புல்லை இறுக்கிக் கட்டிய கட்டு, ஒவ்வொன்றும் ஒரு கொழுத்த ஆட்டின் கனம். டிரெய்லர் மெதுவாக நகரும், பையன்கள் கூடவே நடந்து தூக்கிப் போடுவார்கள். எர்வின் லாரி நிழலில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டு தூங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து மணி வெயிலில் எல்லாருக்கும் கோபம் வரும். யாருடைய குரலுக்கு மற்றவர்களின் கை எழுகிறதோ, அவன்தான் ஆள்.

அந்த ஜூனில் குரல் முதல் மணி நேரத்திலேயே கேட்டுவிட்டது.

"எடு!"

அதிகச் சத்தமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு எட்டுக் கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தவனைத் திட்டாமல், "வா, இந்த ஒண்ணு மட்டும் என்கூட" என்றது அந்தக் குரல். அவன் எழுந்து வந்தான். இரண்டு பேர் கைகலக்கப் போனபோது இடையில் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டது. சண்டை அதன்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. டிராக்டர்கூட அவன் சொன்ன பிறகுதான் நகர்ந்தது என்று மைத்துனர் சத்தியம் செய்வார்.

அந்தக் குரல் கர்டிஸுடையது. கர்டிஸ் மரேக். எர்வினின் ஒரே மகன், பள்ளியில் கடைசி வருஷம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் லிடியா கணவரின் வாயைப் பார்த்தாள். லிடியா என் தோழி. அவள் சுடும் கசகசா வைத்த இனிப்பு ரொட்டியான கொலாச்சிக்காக ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார் என்று ஊரே நம்பியது.

"கெடச்சுட்டானா?"

"இன்னும் இல்ல."

"குச்சி வலது பக்கம் போயிட்டு வந்துருக்கே."

"பல்லுல ஏதோ சிக்கிச்சு, லிடியா."

"பல்லுலயா, கண்ணுலயா?"

எர்வின் எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போனார். அவர் ஒப்புக்கொள்ளாத காரணம் அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

எர்வினுக்கு முன்னால் இருந்த பயிற்சியாளர் டூசெக். அவர் தன் மகனைக் குவார்ட்டர்பேக்காகப் போட்டார். அப்போது எர்வின் உதவிப் பயிற்சியாளர், வாய் நீண்ட இளைஞர். "இது பள்ளிக்கூட டீமா, டூசெக் வீட்டுச் சாப்பாட்டு மேசையா?" என்று பெட்ரோல் பங்க்கில் ஒருநாள் காலையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அது ஊரின் சொத்தாகிவிட்டது. அந்தப் பையன் பந்தைத் தவறவிட்டால் போதும், பெஞ்சு வரிசையிலிருந்து யாராவது, "உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளுப்பா!" என்று கத்துவார்கள். ஒரு பருவம் சரியாகப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் தோற்ற பயிற்சியாளருக்கு ஊர் சொல்லும் சேதி ஒன்று உண்டு: விடிவதற்குள் அவர் வீட்டுப் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகளை ஊன்றிவிடுவார்கள். டூசெக்கின் புல்தரையில் பலகைகள் மக்காச்சோளம்போல் முளைத்திருந்தன. அதில் ஒன்றை அடித்து இறக்கிய சுத்தியல் எர்வினுடையது. டூசெக் நிஜமாகவே வீட்டை விற்றுவிட்டு விக்டோரியா பக்கம் போய்விட்டார். மகனும் அதன்பிறகு பந்தைத் தொடவில்லை என்று கேள்வி.

ஆகவே எர்வின் தேடினார். தன் வீட்டில் இருந்ததைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினார். தேவாலயத் திருவிழாவில் பந்தெறிந்து பொம்மை ஜெயிக்கும் பையன்களைப் பார்த்தார். பேஸ்பால் ஆடுகிறவனைப் பார்த்தார். பக்கத்து மாவட்டத்திலிருந்து யாராவது குடிவருகிறார்களா என்று வீட்டுத் தரகரிடம் விசாரித்தார்.

ஆகஸ்டில் கடவுள் டிராவிஸ் பெல்லை அனுப்பினார். அப்பாவுக்கு எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலை, வாடகை வீடு, அளவில்லாத கை. வெள்ளிக்கிழமை அவன் எறிந்த பந்து ஞாயிற்றுக்கிழமை பூசையின்போது கீழே வந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நல்ல பையன். சிரித்துக்கொண்டே இருப்பான். ஆனால் ஆட்டத்தைக் கணிக்கத் தெரியாது. அவன் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்காவிட்டால் கோபமும் படமாட்டான்.

எர்வினின் குச்சி வலதுபக்கம் போனது. மறுநாள் களத்தில் டிராவிஸ்தான் குவார்ட்டர்பேக் என்று அறிவித்தார். பையன்கள் கர்டிஸைப் பார்த்தார்கள். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

"நீ சென்டர்லயே இரு, கர்டிஸ்."

"சரி, கோச்."

சென்டர் என்றால் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் இருப்பவன் கையில் கொடுப்பவன். ஒவ்வொரு முறையும் ஆட்டம் அவன் கொடுத்துத்தான் தொடங்கும். கொடுத்த மறுகணம் அவன்மேல் ஒருவன் வந்து விழுவான்.

'கோச்' என்றா சொன்னான் என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்குள் இருந்த சட்டம். வீட்டுச் சாலை தொடங்கும் இடத்தில், மாடு தாண்டாமல் இருக்கத் தரையில் இரும்புக் கம்பிகள் பதித்திருக்கும். பிக்கப் வண்டி அதன்மேல் ஏறினால் கடகடவென்று அதிரும். கம்பிக்கு வெளியே அவர் கோச். கம்பி தாண்டி உள்ளே வந்தால் அப்பா. கர்டிஸ் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே ஏற்படுத்திய சட்டம். கடகட அடங்கியதும், "அப்பா, பசிக்குது" என்பான். தினமும் அதே வார்த்தை.

அந்தப் பருவத்தில் நாங்கள் தோற்றோம்; ஆனால் மானத்தோடு தோற்றோம். எங்கள் பக்கத்து பல்பு ஒன்று கருகிப்போனது. அதை மாற்றும்போது ஊழியருக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். ஒருநாள் லிடியாவின் சமையலறையில் நான் கொலாச்சி எண்ணிக்கொண்டிருந்தபோது டிராவிஸ் உள்ளே வந்து இரண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"எனக்கு எதுவும் தெரியாது, மிஸஸ் மரேக். கர்டிஸ் குனியறதுக்கு முன்னாடி திரும்பி எந்தப் பக்கம்னு சொல்வான். நான் எறிவேன். அவ்வளவுதான்."

"இது கோச்சுக்குத் தெரியுமா?" என்றாள் லிடியா.

"தெரியும்னுதான் நெனைக்கிறேன். அவன் திரும்பறப்பல்லாம் கோச் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டுவாரு."

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரே எங்களை விழுங்கக் காத்திருந்த பக்கத்து ஊர் அணி. ஊர் முழுக்க வந்திருந்தது. பால் கறப்பதை யாரோ ஒத்திவைத்ததால் மாடுகள் தூரத்தில் கத்திக்கொண்டிருந்தன. கடைசிச் சில நிமிஷங்கள். நாங்கள் ஆறு புள்ளி பின்னால், பந்து எங்களிடம், எதிரணிக் கோடு கூப்பிடு தூரத்தில், பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. அப்போது டிராவிஸை இரண்டு பேர் சேர்த்து மோதினார்கள். எழுந்தபோது அவன் இடது தோள் கீழே தொங்கியது. அப்போதும் சிரித்தான், ஆனால் நிறம் வெளுத்துவிட்டது. அவனைக் கூட்டிப்போனார்கள்.

களத்தில் நின்ற மற்ற ஒன்பது பேரும் கர்டிஸைப் பார்த்தார்கள். கர்டிஸ் அப்பாவைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான், டிராவிஸின் இடத்துக்குக் கூப்பிட்டால் போவதற்காக.

பெஞ்சு வரிசைகள் அமைதியாகிவிட்டன. அத்தனை கூட்டம் அப்படி ஒரு அமைதியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாப்கார்ன் பையைக்கூட யாரும் கசக்கவில்லை. எர்வின் ஒருமுறை திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பல்குச்சியைத் துப்பினார். பிறகு பெஞ்சில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் தோளில் கைவைத்து டிராவிஸின் இடத்துக்கு அனுப்பினார். ஹெல்மெட் பட்டையைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத குழந்தை அது.

கர்டிஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வாய் அசைந்தது. "சரி, கோச்" என்றிருப்பான். களத்தில் அவரிடம் வேறு எதுவும் அவன் சொல்லிக் கேட்டதில்லை. குனிந்தான். பந்தை ஒரு குழந்தையைக் கைமாற்றுவதுபோல் மெதுவாகத்தான் கொடுத்தான். அது அந்தப் பையனின் விரல்களில் பட்டு, நெஞ்சில் பட்டு, புல்லில் விழுந்து உருண்டது. எதிரணிக்காரன் அதன்மேல் விழுந்தான். முடிந்தது.

அன்று இரவு ஒரே வண்டியில் வீடு திரும்பினார்கள். லிடியா நடுவில், கர்டிஸ் ஜன்னல் ஓரம். கம்பிமேல் ஏறியபோது கடகடவென்று அதிர்ந்தது, அடங்கியது. எர்வின் காத்திருந்தார். வண்டி வாசலுக்கு வந்தது, விளக்கை அணைத்தார், அப்போதும் காத்திருந்தார். கர்டிஸ் கதவைத் திறந்து இறங்கினான்.

"குட் நைட், கோச்."

விடியும்முன் எர்வின் எழுந்து புல்தரையைப் பார்க்கப் போனார். ஒரு பலகைகூட இல்லை. வாசல்படியில் யாரோ உப்புக்கண்டத் தொத்திறைச்சியும் ஒரு பாத்திரம் நூடுல்ஸும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல. பெட்ரோல் பங்க்குக்குப் போனார். மில்டன் காப்பியை நகர்த்தி வைத்தார்.

"பையனுக்கு எங்கடா அடி?" என்றார் மில்டன்.

"யாருக்கு?"

"கர்டிஸுக்கு. முழங்காலா? நீ அவன் கையில பந்தக் குடுக்கலன்னதும் எதோ அடிபட்டிருக்குன்னு நெனச்சோம். என் பொண்டாட்டி ஜெபமாலைய எடுத்துட்டா."

"அடி ஒண்ணும் இல்ல."

"பின்ன ஏன்டா?"

எர்வின் சர்க்கரைப் பொட்டலங்களை மேசையில் அடுக்கினார், கலைத்தார். "நீங்கல்லாம் அமைதியா ஆயிட்டீங்க. சாப்பாட்டு மேசைன்னு சொல்லத்தான் காத்திருக்கீங்கன்னு..."

"அடப்பாவி, நாங்க மூச்சப் பிடிச்சுட்டு இருந்தோம்டா! அவன அந்த எடத்துக்குக் கூப்பிடுவேன்னு. ஜூன் மாசத்துலேந்தே அவன்தான்னு ஊருக்கே தெரியும். யாருடா சொல்லியிருப்பா?"

எர்வின் கலைந்த பொட்டலங்களைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"நான் சொல்லியிருப்பேன்," என்றார்.

இதை எனக்குச் சொன்னது மில்டன்தான். மில்டன் ஒரு கதையைச் சிரிப்பில்லாமல் சொன்னது அதுதான் முதல்முறை.

அந்தச் சனிக்கிழமை மாலை எர்வின் கொட்டகைக்குப் போனார். கர்டிஸ் மாடுகளுக்குப் புல்கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். லிடியா சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் இது எனக்குத் தெரியும்.

"கர்டிஸ், நேத்து நான்..."

"ஒண்ணு மட்டும் கேக்கலாமா, கோச்?"

"கேளு."

"ஜூன்ல, புல் ஏத்தறப்ப, லாரி நிழல்ல தூங்கிட்டிருந்தீங்களே. நெசமாவே தூங்கினீங்களா?"

எர்வினுக்குப் பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். நல்ல கொழுத்த பொய்யாகச் சொல்லி, பையனுக்கு ஒரு தூக்கத்தையாவது கொடுத்திருப்பேன்.

"இல்ல," என்றார். "பாத்துட்டிருந்தேன்."

"அப்ப நான்தான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

கர்டிஸ் தலையை ஆட்டினான். "எனக்குத் திறமை பத்தலன்னு நெனச்சிட்டிருந்தேன். அது பரவாயில்லாம இருந்துச்சு," என்றான். பிறகு அடுத்த கட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

பள்ளி முடிந்த வாரமே கர்டிஸ் டெக்ஸஸ் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் எண்ணெய்த் தளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். வாரியம் சொன்னபடியே அணி கலைந்தது. எர்வின் விசிலைக் கொடுத்துவிட்டார். பஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டார். வெஸெலிப் பையன்களை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் மைதானத்தில் இறக்கிவிட்டு, பயிற்சி முடியும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார். கர்டிஸ் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவான். லிடியா பேசி முடித்து, "இரு, இரு, அவர்ட்ட குடுக்கறேன்" என்று கணவர் கையில் திணிப்பாள்.

"மழ பேஞ்சுதா, கோச்?"

"லேசா."

"அங்க காத்து எப்படி?"

"பரவால்ல. உனக்கு?"

இவ்வளவுதான். வருஷக்கணக்கில் மழையும் காற்றும். லிடியா இருவருக்கும் நடுவில் அந்தத் தொலைபேசிக் கம்பிபோல நின்றாள். விடுமுறைக்கு அவன் வந்தால் சாலைக் கம்பி அதிர்ந்து அடங்கியதும் ரொட்டி மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, அவன் வாயையே பார்ப்பாள். அவன் அவள் கன்னத்தில் முத்தமிட்டு, "பசிக்குது, அம்மா" என்பான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு பிப்ரவரியில் அவள் இதயம் நின்றது. அடுப்பில் கொலாச்சி இருந்தது. அதை வெளியே எடுத்தது நான்தான், அடி கருகியிருந்தது. அவள் வாழ்நாளில் கருகவிட்டது அந்த ஒரு தட்டுதான்.

சவப்பெட்டியைத் தூக்கப் பழைய அணிப் பையன்கள் வந்தார்கள். எல்லாருக்கும் தொப்பை போட்டிருந்தது. டிராவிஸ் தூரத்திலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்திருந்தான், அன்று சிரிக்கவில்லை. முன் கைப்பிடியில் கர்டிஸ், இன்னொரு கைப்பிடிக்கு மில்டன். தேவாலயப் படி இறங்கும் இடத்தில் பனி உறைந்திருந்தது. முதல் படியிலேயே மில்டனின் முழங்கால் மடங்கிவிட்டது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. பாடகர் குழு நின்றுவிட்டது. துக்க வரிசையில் பின்னால் நடந்துவந்த எர்வின் முன்னால் பாய்ந்து மில்டனின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். யாருக்கும் எந்தக் காலை எடுத்துவைப்பது என்று தெரியவில்லை. டிராவிஸ் கர்டிஸைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். எர்வினும் பார்த்தார்.

கர்டிஸ் தன் அம்மாவின் பெட்டிமேல் கண்ணை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"எடு."

ஆறு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஆறாவது, அவன் அப்பாவுடையது. பெட்டி நேரானது. "இடது," என்றான். இடது கால்கள் போயின. "வலது." அப்படியே கடைசிப் படிவரை அவன் சொல்லச் சொல்ல அவர்கள் இறங்கினார்கள். எர்வின் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

தேவாலயக் கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரங்கள் கழுவி, சாயங்காலமானது. மறுநாள் காலை எண்ணெய்த் தளத்துக்கு ஹெலிகாப்டர் ஏற வேண்டுமென்று கர்டிஸ் கிளம்பினான். எர்வின் வீட்டு வாசலில் நின்றார். கோட்டைக் கழற்றவில்லை.

"அங்க பசங்க உன் பேச்சக் கேக்குறாங்களா?" என்றார்.

கர்டிஸ் வண்டிக் கதவில் கைவைத்தபடி நின்றான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"கேக்குறாங்க, கோச்," என்றான்.

"நல்லது. நல்லது."

பிக்கப் கிளம்பியது. நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவிட்டுத் திரும்பியது. நான் உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். கம்பிமேல் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டது: கடகடவென்று அதிர்ந்து, அடங்கியது. எர்வின் தலையைச் சாய்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏதோ கேட்கவேண்டும் என்பதுபோல அங்கேயே நின்றார். இருட்டி, நான் வாசல் விளக்கைப் போட்டபோதும் நின்றுகொண்டிருந்தார்.